= குறி எங்கே எழுதுகிறது? சி++ கிளாஸுக்கு அசைன்மென்ட் ஒபரேட்டர் எழுதும்போது விழும் பள்ளங்கள்: முழுமையான வழிகாட்டி

மன்னார்ப் பக்கத்துக் கட்டுக்கரைக்குளத்தை ஆங்கிலேயர் ஜயன்ட்ஸ் ராங்க் என்று எழுதிவைத்தார்கள். பெயர் இரண்டு, தண்ணீர் ஒன்று. எந்தப் பெயரைச் சொல்லித் துருசைத் திறந்தாலும் வற்றுவது ஒரே குளம்தான். சி++ மொழியில் ரெஃபரன்ஸ் என்பதும் இப்படியான இரண்டாவது பெயர்தான். அதைப் பிறக்கும்போதே ஒரு பொருளோடு கட்டிவிட வேண்டும். பிறகு அவிழ்த்து இன்னொன்றில் கட்ட முடியாது. அதற்கு = போட்டால் பெயர் இடம்மாறாது, குளத்துத் தண்ணீர்தான் மாறும்.

இந்த ஒரு விடயத்தை மறந்துவிட்டு = ஒபரேட்டரை ஓவர்லோட் செய்யப் (நம் கிளாஸுக்கென்று நாமே எழுதப்) போவதால்தான் கீழே சொல்லப்படும் பிழைகளில் பாதிக்கு மேல் வருகின்றன. உயர்தரத்தில் பைதன் படித்துவிட்டு வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்திலோ சி++ தொடங்கும் மாணவர்களுக்கு இது இன்னும் கடினம். பைதனில் = என்பது பெயர்ச்சீட்டைக் கழற்றி வேறு பொருளில் ஒட்டும் வேலை. ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் கிளாஸ் மாறிகள் அப்படித்தான் நடக்கும், அங்கே = ஐ ஓவர்லோட் செய்யவும் வழியில்லை. சி++ இல் = என்பது ஒரு சார்பு. நீங்கள் எழுதியதை அது செய்யும். நீங்கள் எழுதாவிட்டால் கொம்பைலர் தானே ஒன்றை எழுதிக்கொள்ளும்.

உதாரணமாக ஒரு சிறிய நீர்மட்டப் பதிவேட்டு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். குளம் என்று ஒரு கிளாஸ். அதில் பெயர், இருப்பு (ஆயிரம் ஏக்கர் அடியில்), அந்தக் குளத்தின் அளவீடுகளை அனுப்பும் நிலையம் என்று மூன்று உறுப்புகள். நிலையம் தனியாக ஒரு கிளாஸ். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்பவை ஒப்ஜெக்டுகள். இருப்பு எண்கள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை.

மாறிப் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறோம். ஜிசிசி கொம்பைலரின் 10 ஆம் பதிப்பிலிருந்து அப்படி எழுதிய கோப்பு நேராகவே கொம்பைல் ஆகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 'கொ' போன்ற எழுத்தைச் சில விசைப்பலகைகள் ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகப் பிரித்துப் பதியும். கண்ணுக்கு ஒரே சொல், கொம்பைலருக்கு வேறு பெயர். ஒரு விசைப்பலகையையே கடைசிவரை பாவியுங்கள். கான்ஸ்ட், திஸ், ரிட்டர்ன் போன்ற மொழிச்சொற்களை இங்கே ஒலிப்படி தருகிறோம், எடிட்டரில் வழக்கம்போல அடியுங்கள்.

படி 1: அது உண்மையில் அசைன்மென்ட்தானா?

அ என்பது ஏற்கெனவே இருக்கும் ஒரு குளம். மூன்று வரிகள். மூன்றிலும் = இருக்கிறது.

குளம் ஆ = அ;
குளம்& ர = அ;
ஆ = அ;

முதல் வரி கொப்பி கன்ஸ்ட்ரக்டரை (இருக்கும் ஒப்ஜெக்டைப் பார்த்துப் புதியதை உருவாக்கும் சார்பை) அழைக்கும். நீங்கள் எழுதிய = ஒபரேட்டர் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. இரண்டாவது வரியில் எந்தச் சார்பும் ஓடாது, ர என்ற மறுபெயர் அ உடன் கட்டப்படுகிறது, அவ்வளவுதான். மூன்றாவது வரியில் மட்டுமே உங்கள் ஒபரேட்டர் ஓடும். ஒபரேட்டருக்குள் ஒரு அச்சு வரி போட்டுவிட்டு, முதல் வரியில் ஒன்றும் அச்சாகவில்லையே என்று மணிக்கணக்காகத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிய ஒப்ஜெக்ட் பிறக்கும் வரியென்றால் கன்ஸ்ட்ரக்டர், ஏற்கெனவே இருக்கும் ஒப்ஜெக்ட் என்றால் ஒபரேட்டர்.

இனி நாலாவது வரி, இ என்பது இன்னொரு குளம்:

ர = இ;

ர இப்போது இ யைக் காட்டும் என்று நினைத்தால் தவறு. ர வழியாக அ வின் உள்ளடக்கம் முழுக்க அழிந்து இ யின் உள்ளடக்கம் அங்கே எழுதப்படுகிறது.

இந்தப் பிழை அதிகமாக ஒளிந்திருக்கும் இடம், பட்டியலில் பெரியதைத் தேடும் லூப். நான்கு குளங்கள், இருப்பு முறையே 18, 22, 20, 25. முதலாவது முத்தையன்கட்டு, கடைசி வவுனிக்குளம். எழுதியவர் இப்படித் தொடங்குகிறார்:

குளம்& உயர்ந்தது = பட்டியல்[0];

லூப்புக்குள், இப்போதைய குளத்தின் இருப்பு கூடவாக இருந்தால்:

உயர்ந்தது = கு;

நடப்பதைக் கையால் எழுதிப் பாருங்கள். 22 வரும்போது பட்டியல்[0] 22 ஆகிறது. 20 இல் மாற்றமில்லை. 25 வரும்போது பட்டியல்[0] 25 ஆகிறது. கடைசியில் பட்டியல் 25, 22, 20, 25. 'உயர்ந்த இருப்பு 25' என்று திரையில் வரும் விடை சரியானது. அதனால்தான் இது சோதனையில் பிடிபடுவதில்லை. ஆனால் முத்தையன்கட்டு பட்டியலில் இருந்தே காணாமல் போய், வவுனிக்குளம் இரண்டு தடவை நிற்கிறது. மொத்த இருப்பு 85 என்று வரவேண்டிய இடத்தில் 92. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறோம். இல்லாத 7,000 ஏக்கர் அடியை நம்பி விதைத்தால் கதிர் வரும் காலத்தில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்.

திருத்தம் எளிது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர வேண்டிய பெயர் என்றால் அது பொயின்ரராக (முகவரியை வைத்திருக்கும் மாறியாக) இருக்க வேண்டும்:

குளம்* உயர்ந்தது = &பட்டியல்[0];
உயர்ந்தது = &கு;

இங்கே இன்னொரு குழி. லூப்பின் கு வும் & போட்டு ரெஃபரன்ஸாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். கொப்பியாக எடுத்திருந்தால், அந்தச் சுற்று முடியும்போது கு இறந்துவிடும், பொயின்ரர் பாழிடத்தைக் காட்டும். இதைவிட நல்லது, லூப்பையே எழுதாமல் நியமநூலகத்தின் மேக்ஸ்_எலிமென்ட் சார்பைப் பாவிப்பது.

படி 2: கிளாஸுக்குள் ரெஃபரன்ஸ் உறுப்பு

இந்தத் தலைப்பின் மிக ஆழமான பள்ளம் இதுதான், இங்கே நிதானமாக நில்லுங்கள்.

நிலையம் எப்போதும் இருக்கவேண்டும், வெறுமையாக இருக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் குளத்துக்குள் நிலையம்& நி; என்று ஒரு உறுப்பை வைக்கிறீர்கள். கொம்பைலர் கொப்பி கன்ஸ்ட்ரக்டரைத் தானாகவே தரும், புதுக் குளத்தின் நி யும் அதே நிலையத்தோடு கட்டப்படும். ஆனால் கொப்பி அசைன்மென்டைத் தராது. கட்டிய பெயரை மாற்ற வழியில்லாததால் அந்த ஒபரேட்டரை 'நீக்கப்பட்டது' என்று குறித்துவிடும். கான்ஸ்ட் உறுப்புக்கும் இதே விதிதான்.

இது உடனே தெரியவராது. வெக்டரில் (நீளக்கூடிய பட்டியலில்) கடைசியில் சேர்க்கும் புஷ்_பேக் வேலை செய்யும், ஏனென்றால் அதற்குத் தேவை கன்ஸ்ட்ரக்டர் மட்டும். பல நாள் கழித்து யாரோ ஒருவர் பட்டியலை இருப்பின்படி சோர்ட் செய்யவோ, நடுவில் ஒன்றை எரேஸ் செய்யவோ போவார். அவை உறுப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அசைன் செய்பவை. உங்கள் கோப்பில் இல்லாத, நூலகக் கோப்பு ஒன்றின் ஆழத்தில், நீக்கப்பட்ட சார்பைப் பாவித்ததாகப் பக்கம் பக்கமாகப் பிழை வரும். அந்தப் பிழைச்செய்தியில் கடைசிவரை இறங்கி உங்கள் கிளாஸின் பெயர் வரும் வரியைத் தேடுங்கள். எந்த உறுப்பால் நீக்கப்பட்டது என்று கொம்பைலர் அங்கேதான் சொல்லியிருக்கும்.

இந்த நேரத்தில்தான் பலர் 'சரி, = ஐ நானே எழுதிவிடுகிறேன்' என்று இறங்குகிறார்கள். ஒபரேட்டருக்குள் பெயர், இருப்பு இரண்டையும் மாற்றிவிட்டு மூன்றாவதாக:

நி = மற்றது.நி;

கொம்பைலர் ஒரு சொல்லும் சொல்லாது. ஆனால் இந்த வரி நிலையத்தை மாற்றவில்லை. பழைய நிலையத்தின் உள்ளே புதிய நிலையத்தின் தரவை எழுதுகிறது. அந்தப் பழைய நிலையத்தை வேறு இரண்டு குளங்களும் பகிர்ந்துகொண்டிருந்தால் அவற்றின் தரவும் சேர்ந்து போய்விட்டது.

சோர்ட் செய்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு குளங்களை இடம்மாற்றுவதை மட்டும் பார்ப்போம். அ வின் நிலையம் கி, இ யின் நிலையம் மு. தற்காலிகக் கொப்பி த உருவாகும்போது த.நி கட்டப்படுவது கி உடன். அடுத்து அ = இ, இதனால் கி க்குள் மு வின் தரவு எழுதப்படுகிறது. அடுத்து இ = த, இதனால் மு வுக்குள் த.நி யின் தரவு எழுதப்படுகிறது. த.நி என்பது கி தான், கி இல் இப்போது இருப்பது மு வின் தரவு. கடைசியில் இரண்டு நிலையங்களிலும் மு வின் தரவு. கி இன் தரவு எங்கும் இல்லை. பெயரும் இருப்பும் சரியாக இடம்மாறியிருக்கும் என்பதால், மேலோட்டமாகப் பார்த்தால் சோர்ட் ஒழுங்காக நடந்ததுபோலவே தெரியும்.

வேறு இரண்டு தவறான வைத்தியங்களும் வழக்கத்தில் உண்டு. ஒன்று, நி யைத் தொடாமல் மற்ற உறுப்புகளை மட்டும் மாற்றுவது. அப்போது வவுனிக்குளம் என்ற பெயரோடு இரணைமடுவின் நிலையத்தைப் பார்க்கும் ஒரு கலப்பு ஒப்ஜெக்ட் கிடைக்கும். இரண்டு, தன்னையே அழித்துவிட்டு அதே இடத்தில் பிளேஸ்மென்ட் நியூவால் மறுபடி கட்டுவது. சி++17 வரைக்கும், ரெஃபரன்ஸ் உறுப்புள்ள ஒப்ஜெக்டை இப்படிக் கட்டியபின் பழைய பெயரால் தொட்டால் நடத்தை வரையறையற்றது. சி++20 இந்த விதியைத் தளர்த்தியது. தளர்ந்தாலும் ஆபத்து தீரவில்லை: கன்ஸ்ட்ரக்டர் நடுவில் எக்ஸெப்ஷன் எறிந்தால் அழிந்த ஒப்ஜெக்ட் மட்டுமே மிஞ்சும், பிறகு அது இரண்டாம் தடவையும் அழிக்கப்படும். அந்தக் கிளாஸிலிருந்து பெறப்பட்ட கிளாஸ் இருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். இந்த வழியைக் கையில் எடுக்காதீர்கள்.

சரியான வழியைத் தேர்வது ஒரு கேள்வியில் தொடங்குகிறது: இந்த உறுப்பு என்னுடையதா, நான் பார்க்கும் ஒன்றா?

குளத்துடையது என்றால் ரெஃபரன்ஸே வேண்டாம். நிலையம் நி; என்று முழு ஒப்ஜெக்டாகவே வையுங்கள். கொம்பைலர் தரும் = போதும்.

பார்க்கும் ஒன்று, பின்னர் வேறொன்றைப் பார்க்கவும் கூடும் என்றால் உள்ளே பொயின்ரர் வையுங்கள், வெளியே ரெஃபரன்ஸைக் காட்டுங்கள். கன்ஸ்ட்ரக்டர் நிலையம்& வாங்கி அதன் முகவரியை வைத்துக்கொள்ளும். எடுத்துத்தரும் சார்பு *நி என்று ரெஃபரன்ஸ் கொடுக்கும். வெறுமை உள்ளே நுழையவே வழியில்லை, = தானாகவே சரியாக வேலை செய்யும். பெரும்பாலான இடங்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான்.

சி++11 இலிருந்து உள்ள ரெஃபரன்ஸ்_ராப்பரும் இதே வேலையைச் செய்யும். அதற்கு = போட்டால் எழுதாது, மறுபடி கட்டும். அதில் தலைகீழான பள்ளம் ஒன்று இருக்கிறது. ராப்பர்கள் நிறைந்த வெக்டரில் பட்டியல்[0] = குளம்2; என்றால் முதலாவது இடம் இனிக் குளம்2 ஐக் காட்டும், முன்பு காட்டிய குளத்தில் ஒரு மாற்றமும் இராது. உள்ளே எழுதவேண்டும் என்றால் கெட் சார்பை அழைத்து அதன்மேல் = போடவேண்டும். எழுதுவதா, மறுபடி கட்டுவதா என்ற இதே இழுபறியால்தான் சி++17 இல் ஒப்ஷனல் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற வகை) வந்தபோது அதற்குள் ரெஃபரன்ஸை வைக்க அனுமதி கிடைக்கவில்லை.

பார்க்கும் ஒன்று, ஒருபோதும் மாறக்கூடாது என்றால் ரெஃபரன்ஸ் உறுப்பையே விடுங்கள், ஆனால் = ஐ நீங்களே வெளிப்படையாக நீக்கிவையுங்கள். கொம்பைலர் எப்படியும் நீக்கும்தான். இருந்தாலும் கையால் எழுதிய நீக்கத்தைப் படிப்பவருக்கு இது தெரிந்தே எடுத்த முடிவு என்று புரியும். சி++ கோர் கைட்லைன்ஸ் தொகுப்பின் சி.12 விதி, கொப்பியாகக்கூடிய கிளாஸில் ரெஃபரன்ஸும் கான்ஸ்டும் உறுப்பாக வேண்டாம் என்றே சொல்கிறது.

பொயின்ரருக்கு மாறியதும் ஆயுள் கணக்கு உங்கள் தலையில் விழுகிறது. மூன்று இடங்களைப் பாருங்கள். நிலையங்கள் வெக்டருக்குள் இருந்தால், அது பெருத்து இடம்மாறும்போது எல்லாப் பொயின்ரரும் பழுதாகும். டெக் என்ற நூலகப் பட்டியலில் கடைசியில் சேர்ப்பதால் பொயின்ரர் பழுதாகாது, அல்லது நிலைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது தேடுங்கள். கன்ஸ்ட்ரக்டர் கான்ஸ்ட் ரெஃபரன்ஸ் வாங்குகிறதென்றால் தற்காலிக ஒப்ஜெக்டும் உள்ளே வந்துவிடும், அந்த வரி முடிய அது இறந்துவிடும். && வாங்கும் (தற்காலிக ஒப்ஜெக்டைப் பிடிக்கும்) வடிவத்தை நீக்கிவைத்தால் கொம்பைலரே தடுக்கும். மூன்றாவது, = போட்டபின் ஒரு குளம் தன்னைவிடக் குறைந்த ஆயுளுள்ள நிலையத்தைக் காட்டத் தொடங்கலாம். ரெஃபரன்ஸ் உறுப்பு இருந்தபோது வராத பிரச்சினை இது.

படி 3: எழுதியே ஆகவேண்டும் என்றால்

நினைவகத்தைத் தானே கையாளும் கிளாஸ் என்றால்தான் = ஐக் கையால் எழுத நியாயம் உண்டு. உதாரணத்துக்கு, குளம் 365 நாள் நீர்மட்டத்தை நியூவால் எடுத்த அரேயில் வைத்திருக்கிறது. (வெக்டர் போட்டால் இந்தப் படி முழுவதும் தேவையில்லை. முடிந்தவரை அதையே செய்யுங்கள்.)

ஒபரேட்டரின் முகம் இப்படி இருக்கவேண்டும்:

குளம்& ஆபரேட்டர்=(கான்ஸ்ட் குளம்& மற்றது)

இது கிளாஸின் உறுப்புச் சார்பாகத்தான் இருக்கமுடியும், வெளியே எழுத மொழி விடாது. கான்ஸ்டை விட்டால் தற்காலிக ஒப்ஜெக்டையும் கான்ஸ்ட் ஒப்ஜெக்டையும் வலப்பக்கத்தில் வைக்க முடியாமல் போகும். திருப்பித்தருவது *திஸ், அதுவும் ரெஃபரன்ஸாக. & ஐ மறந்து வெறும் குளம் என்று திருப்பினால் அ = இ = உ வேலை செய்வதுபோலவே இருக்கும், ஒவ்வொரு தடவையும் 365 எண்கள் வீணாகக் கொப்பியாகும். அதோடு (அ = இ) என்பதன்மேல் அழைக்கும் சார்பு, அ வை விட்டுவிட்டு இறக்கப்போகும் கொப்பி ஒன்றை மாற்றும்.

உடலில் வழக்கமாக வரும் தவறு வரிசைதான். பழைய அரேயை அழி, புதியதை எடு, கொப்பி செய் என்று எழுதினால் இரண்டு இடத்தில் உடையும். அ = அ; என்று யாரும் நேராக எழுதமாட்டார்கள், ஆனால் பட்டியல்[i] = பட்டியல்[j]; என்பதில் இரண்டு எண்ணும் ஒன்றாகும் நாள் வரும், இரண்டு ரெஃபரன்ஸ்கள் ஒரே குளத்தைக் காட்டும் நாளும் வரும். அப்போது கொப்பி எடுக்கப்போகும் அரேயை நீங்களே அழித்துவிட்டீர்கள். மற்றது, புதியதை எடுக்கும்போது நினைவகம் போதாமல் எக்ஸெப்ஷன் வந்தால், பழையது ஏற்கெனவே போய்விட்டது. பொயின்ரர் மட்டும் அதே முகவரியில் தொங்கும். பின்னர் டிஸ்ட்ரக்டர் (ஒப்ஜெக்ட் இறக்கும்போது ஓடும் சார்பு) அதை மறுபடி அழிக்கும்.

திஸ் == &மற்றது என்று முதலில் பார்ப்பது முதலாவது உடைப்பை மட்டுமே அடைக்கும். வரிசையை மாற்றினால் இரண்டும் அடைபடும்:

1. புதிய அரேயைத் தற்காலிகப் பொயின்ரரில் எடுங்கள்.
2. மற்றதின் 365 எண்களையும் அதற்குள் கொப்பி செய்யுங்கள்.
3. எக்ஸெப்ஷன் எறியக்கூடிய மற்ற உறுப்புகளையும் (பெயர் போன்ற ஸ்ட்ரிங்) தற்காலிகக் கொப்பியாக எடுங்கள்.
4. இதற்குப் பிறகுதான் பழைய அரேயை அழித்து, புதியதை உள்ளே மாற்றிப்போடுங்கள்.
5. *திஸ் ஐத் திருப்புங்கள்.

மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அரே மாறி, பெயர் மாறாமல் நின்ற குளத்தைப் பின்னர் எந்தப் பதிவிலும் நம்பமுடியாது.

சோதனை வரியில் திஸ் முகவரியை ஒப்பிடுங்கள், *திஸ் == மற்றது என்று மதிப்பை ஒப்பிடாதீர்கள். == பெயரை மட்டும் பார்ப்பதாக யாரோ எழுதியிருந்தால், பெயர் ஒன்றாயும் இருப்பு வேறாயும் உள்ள இரண்டு குளங்களுக்கு இடையில் அசைன்மென்ட் சத்தமில்லாமல் நடக்காமல் போகும்.

மேலே சொன்ன ஐந்தையும் சுருக்கிச் செய்வது கொப்பி-ஸ்வாப் முறை: அளபுருவை & இல்லாமல் மதிப்பாக வாங்கி, உறுப்பு உறுப்பாக ஸ்வாப் செய்துவிட்டுத் திரும்புவது. நேர்த்தியானது, ஆனால் அதிலும் இரண்டு குழி. உள்ளே ஸ்வாப்(*திஸ், மற்றது) என்று நூலகத்தின் பொது ஸ்வாப்பை முழு ஒப்ஜெக்டின்மேல் அழைத்தால், அது = ஐ அழைக்கும், = மறுபடி ஸ்வாப்பை அழைக்கும், ஸ்டாக் நிரம்பி நிரல் விழும்வரை சுற்றும். ஸ்வாப்பை உறுப்புகள்மேல் தனித்தனியாகவே செய்யுங்கள். மற்றது, மதிப்பாக வாங்கும் = ஐயும் && வாங்கும் மூவ் = ஐயும் (கொப்பி செய்யாமல் உள்ளடக்கத்தை எடுத்துக்கொள்ளும் வடிவம்) ஒன்றாக வைத்தால் தற்காலிக ஒப்ஜெக்ட் வரும்போது எதைத் தெரிவது என்று தெரியாமல் கொம்பைலர் நிறுத்திவிடும். ஒன்றை மட்டும் வையுங்கள்.

கிளாஸ் இன்னொன்றிலிருந்து பெறப்பட்டது என்றால் அடிக் கிளாஸின் = ஐ நீங்கள்தான் அழைக்கவேண்டும். கையால் எழுதிய ஒபரேட்டருக்குள் கொம்பைலர் எதையும் சேர்க்காது. அதேபோல, ஆறு மாதம் கழித்து புதிய உறுப்பு ஒன்றைச் சேர்ப்பவர் = க்குள்ளும் அதைச் சேர்க்க மறந்தால் எச்சரிக்கை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். கையால் எழுதாமல் விடமுடிந்தால் விடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

எழுதினால் தனியாக அதை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். டிஸ்ட்ரக்டர், கொப்பி கன்ஸ்ட்ரக்டர், கொப்பி அசைன்மென்ட், இரண்டு மூவ் வடிவங்கள் என ஐந்தையும் ஒன்றாகத் தீர்மானியுங்கள். டிஸ்ட்ரக்டரை மட்டும் எழுதினால் மூவ் வடிவங்கள் வராது, மூவ் என்று நினைத்த இடமெல்லாம் கொப்பி ஓடும். மூவ் அசைன்மென்டை மட்டும் எழுதினால் கொப்பி இரண்டும் நீங்கிவிடும்.

படி 4: அடிக் கிளாஸின் ரெஃபரன்ஸ் வழியாக

நீர்நிலை என்று அடிக் கிளாஸ். அதில் பெயர், இருப்பு. அதிலிருந்து குளமும் கிணறும் பெறப்பட்டவை. குளத்தில் துருசுகளின் எண்ணிக்கை கூடுதலாக உண்டு.

நீர்நிலை& ர = இரணைமடு;
ர = வவுனிக்குளம்;

ஓடுவது நீர்நிலையின் =. பெயரும் இருப்பும் வவுனிக்குளத்துடையவையாக மாறும், துருசு எண்ணிக்கை இரணைமடுவுடையதாகவே நிற்கும். இப்படி அரைகுறையாக வெட்டப்படுவதைத்தான் ஸ்லைசிங் என்கிறார்கள். இடப்பக்கம் குளமும் வலப்பக்கம் கிணறும் இருந்தாலும் கொம்பைலர் மறுக்காது.

விர்ச்சுவல் என்று போட்டால் தீரும் என்பது பலருடைய நம்பிக்கை. தீராது. குளத்தின் சொந்த = வாங்குவது குளம்&, நீர்நிலையுடையது வாங்குவது நீர்நிலை&. அளபுரு வேறு என்பதால் ஒன்று மற்றதை ஓவர்ரைட் செய்வதில்லை (அடிக் கிளாஸின் விர்ச்சுவல் சார்புக்குப் பதிலாக ஓடுவதில்லை). நீர்நிலை& வாங்கும்படி குளத்தில் எழுதினால் ஓவர்ரைட் ஆகும், ஆனால் உள்ளே டைனமிக்_காஸ்ட் போட்டு உண்மையான வகையைப் பார்த்து, கிணறு வந்தால் எக்ஸெப்ஷன் எறிய வேண்டிவரும். = போடும் ஒரு வரி ஓடும்போது எக்ஸெப்ஷன் எறியும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

செய்யவேண்டியது, அடிக் கிளாஸின் = ஐப் புரொடெக்டட் ஆக்குவது. நீர்நிலை& வழியாக = போடும் வரிகள் கொம்பைல் ஆகாது, குளத்துக்கும் குளத்துக்கும் இடையில் = வழக்கம்போல வேலை செய்யும். அடியில் முழுதாக நீக்கிவிட்டால் பெறப்பட்ட கிளாஸ்களிலும் தானாக உருவாகும் = நீங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். வகை தெரியாமல் கொப்பி எடுக்கவேண்டிய இடத்துக்கு, யுனிக்_பொயின்ரர் திருப்பும் குளோன் என்ற விர்ச்சுவல் சார்பை எழுதுங்கள்.

இன்னும் சில, சுருக்கமாக

டெம்ப்ளேட்டாக எழுதிய = ஒருபோதும் கொப்பி அசைன்மென்டாகக் கணக்கெடுக்கப்படாது. கொம்பைலர் தன்னுடையதையும் உருவாக்கும். வலப்பக்கம் கான்ஸ்ட் ஒப்ஜெக்ட் வந்தால் கொம்பைலருடையது ஓடும், கான்ஸ்ட் அல்லாத பெயருள்ள ஒப்ஜெக்ட் வந்தால் && வாங்கும் டெம்ப்ளேட் முந்தும். ஒரே வகைக்கு இரண்டு நடத்தை. டெம்ப்ளேட்டோடு சாதாரண வடிவத்தையும் எழுதி, டெம்ப்ளேட்டுக்கு வகைக் கட்டுப்பாடு போடுங்கள்.

சார்பு திருப்பித்தந்த தற்காலிகக் குளத்துக்கும் = போடமுடியும். அடுத்த கணமே அந்த மதிப்பு காற்றோடு போய்விடும். ஒபரேட்டரின் அடைப்புக்குறிக்குப் பின்னால் ஒரு & போட்டால், பெயருள்ள ஒப்ஜெக்டுக்கு மட்டும் அது ஓடும்.

அடிக் கிளாஸில் எண்ணை வாங்கும் = ஒன்று இருந்தாலும், பெறப்பட்ட கிளாஸின் = அதை மறைத்துவிடும். வேண்டுமென்றால் யூசிங் வரியால் வெளியே கொண்டுவாருங்கள்.

படி 5: சோதனை

கிளாஸின் கீழேயே ஸ்டாட்டிக்_அசெர்ட் (கொம்பைல் ஆகும்போதே நடக்கும் சோதனை) ஒன்று போட்டு, கொப்பி அசைன் செய்யலாமா என்று வகைப்பண்பைக் கேளுங்கள். ஆம் என்றோ இல்லை என்றோ உங்கள் எண்ணத்தை அங்கே பதிந்துவைத்தால், நாளைக்கு யாராவது ரெஃபரன்ஸ் உறுப்பு ஒன்றைச் சேர்த்த கணத்திலேயே அந்த வரி பிடிக்கும். சோர்ட் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பிறகு நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரோடு கொம்பைல் செய்து இவற்றை ஓட்டுங்கள். அ வுக்கு ஒரு மறுபெயர் கட்டி, அ = மறுபெயர்; போட்டு உள்ளடக்கம் மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள் (நேராக அ = அ; எழுதினால் கிளாங் எச்சரிக்கும்). ஆ = அ; போட்டபின் ஆ வின் ஒரு நாள் அளவீட்டை மாற்றி, அ அசையவில்லை என்று உறுதிசெய்யுங்கள். இரண்டு குளங்களைத் தொடர்ந்து இரண்டு தடவை ஸ்வாப் செய்து, இரண்டின் நிலையத் தரவும் தொடங்கிய இடத்துக்கே வருகிறதா என்று பாருங்கள். படி 2 இல் சொன்ன இழப்பு இருந்தால் முதலாவது ஸ்வாப்பிலேயே ஒன்று போயிருக்கும். கடைசியாக, பெரியதைத் தேடும் சார்பை ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் மொத்த இருப்பைக் கூட்டிப் பாருங்கள்.

ஏற்கெனவே எழுதப்பட்ட பெரிய மென்பொருள் என்றால் இவற்றையெல்லாம் எங்கே தேடுவது என்ற மலைப்பு வரும். அதற்கு ஒரு நேர்வழி: தனிக் கிளையில், சந்தேகமுள்ள கிளாஸின் = ஐ நீக்கி எழுதிவிட்டு முழுவதையும் கொம்பைல் செய்யுங்கள். எந்தெந்த வரியில் அது ஓடுகிறது என்று கொம்பைலரே பட்டியல் தரும். அந்தப் பட்டியலில், இடப்பக்கத்தில் ரெஃபரன்ஸ் நிற்கும் வரிகளை முதலில் எடுங்கள். ஒவ்வொன்றையும் எழுதியவர் தண்ணீரை மாற்ற நினைத்தாரா, பெயரை நகர்த்த நினைத்தாரா என்று கேளுங்கள். பெயரை நகர்த்த நினைத்த வரிகளைப் பொயின்ரருக்கு மாற்றியபின், = ஐத் திரும்பப் போடுங்கள்.